இடது பக்கம், முதல் முறை

இரவு இரண்டு மணி. பர்கூரில் மின்சாரம் போய்
யூபிஎஸ் கத்திக்கொண்டிருக்கிறது.
ஒஹாயோவில் ஒருவரை வாத்து ஏதோ செய்திருக்கிறது.

ஏதோ என்றால் காப்பீட்டுப் பணம் வராது.
கடித்ததா, மோதியதா, மற்றவையா?
மூன்றுக்கும் மூன்று நம்பர்.
டாக்டர் எழுதியிருப்பது ‘வாத்து’ மட்டும்.
அதன் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி,
மிகுந்த தன்னம்பிக்கையோடு.

கேட்டு எழுதுகிறேன்:
ஐயா, அந்த வாத்து என்ன செய்தது என்பதைத்
தயவுசெய்து தெளிவுபடுத்தவும்.
விலங்கியலில் முதல் வகுப்பு வாங்கியது
இந்த ஒரு வரிக்குத்தான் என்று
கிருஷ்ணகிரி கல்லூரியில் யாரும் சொல்லவில்லை.

எங்கள் தொழிலுக்கு ஒரே வேதம்:
எழுதாதது நடக்காதது.
எழுதிவிட்டால் எதற்கும் நம்பர் உண்டு.
விமான இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டவர்
மறுமுறை டாக்டரைப் பார்க்க வந்தால் உண்டு.
(மறுமுறை!)
தீப்பிடித்த நீர்ச்சறுக்குப் பலகை சுட்டதற்கு உண்டு.
மாமியார் வீட்டோடு ஒத்துப்போகாததற்கு உண்டு;
அதை மட்டும் நான் பார்க்காமலே சொல்வேன்.

போன தையில், எருது விடும் விழாவில்
கொழுந்தன் திம்மராஜைக் காளை முட்டிவிட்டது.
காளையின் பெயர் ராக்கெட்.
வேப்பனப்பள்ளியிலிருந்து வாணியம்பாடி வரை அதற்கு ஃப்ளெக்ஸ்.
“நெஞ்சக் காட்டி நின்னேன் அண்ணி” என்றான்,
குப்புறப் படுத்துக்கொண்டு.

ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். தொழில் புத்தி.
மாடு முட்டியது. இடது புட்டம். ஆறு தையல்.

“என் நம்பர் என்ன அண்ணி?”
அவனேதான் கேட்டான், பெருமையாக.
எஸ் முப்பத்தொன்று புள்ளி எட்டு இரண்டு ஒன்று.
வலது என்றால் கடைசியில் மாறும்.
நெஞ்சு என்றால் பக்கமே வேறு.

அறையில் அவன் நண்பர்கள் மூன்று பேர்.
மூவரும் காலண்டரைப் பார்த்தார்கள்.
புறப்புண் பட்ட அரசர்கள்
வடக்கிருந்து உயிர்விட்டார்களாம்.
இவனுக்கு எந்தத் திசையிலும்
இருக்க வழியில்லை.

பேச்சை மாற்றலாம் என்று
முட்டியதற்கும் தனி நம்பர் உண்டு என்றேன்.
அது இன்னும் மோசமாகப் போயிற்று.
டபிள்யூ ஐம்பத்தைந்து புள்ளி இருபத்திரண்டு: பசு மோதல்.
“பசுவா?”
காளைக்கென்று தனியாக இல்லை திம்மு,
பசுவுக்குக் கீழேயே சேர்த்துவிட்டார்கள்.

விடிவதற்குள் சேதி போய்
ராக்கெட்டின் சொந்தக்காரர் சென்றாயப்பன்
புல்லட்டில் வந்து இறங்கினார்.
“எம் மாட்ட பசுன்னது யாரும்மா?”
அமெரிக்கா என்றேன்.
“நேர்ல வரச் சொல்லு. கயித்த அவுத்து விடறேன்.
அப்புறம் எழுதட்டும்.”
மாமியார் அவருக்குக் காபி கொடுத்தார்.
எனக்குக் கொடுக்கவில்லை.
நம்பர் முன்பே சொல்லியிருக்கிறேன், உண்டென்று.

அன்று ராத்திரி ஒஹாயோவிலிருந்து பதில்:
மன்னிக்கவும், அது டக் அல்ல, கூஸ்.
தேடினேன். கூஸுக்கு வேறு நம்பர்,
அதிலும் கடித்தது, மோதியது, மற்றவை.
நமக்கு இரண்டும் வாத்துதான்,
அதில் ஒரு வழக்கும் இல்லை.
வாத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தவர்கள்
ராக்கெட்டைப் பால் கறக்க அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் ஓர் எழுத்து போட வேண்டும்.
காயத்தோடு வந்தால் ஏ.
தையல் பிரிக்க வந்தால் டி.
ஆறிய பிறகும் விடாமல் தொடர்வதற்கு எஸ்.
டீக்கடையில் திம்மராஜை இப்போது
‘லெஃப்ட்டு’ என்று கூப்பிடுகிறார்கள். அது எஸ்.

வருகிற தையில் மறுபடி இறங்கப் போகிறானாம்.
“அப்ப முட்டினா டி தானே அண்ணி?”
இல்லை. புதிதாக முட்டினால் புதிதாக ஏ.
நீ எத்தனை முறை ஓடினாலும்
காளைக்கு அது முதல் முறை.

கொஞ்ச நேரம் யோசித்தான்.
வலதுக்கும் நம்பர் இருக்கிறதா என்று
மெதுவாகக் கேட்டான்.